வெள்ளைத் துணிமேல் நடக்கும் யானை

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய பலகையும் விதித்தாள்களும் வந்து சேர்ந்தன. வாசித்ததோடு விடாமல் ஆடியும் பார்த்தேன். கட்டுகஸ்தோட்டையில் இருந்துகொண்டு, பத்துக்குப் பத்துக் கட்டத்தில் புதுச் சதுரங்கம் ஒன்றைச் செய்யத் துணிந்திருக்கிறாய். எனக்குப் பெரிய சந்தோஷம்.

சதுரங்கத்தில் கைவைப்பது சரியா என்று கேட்டிருந்தாய். காலம் காலமாகக் கைவைத்துத்தான் அது இந்த உருவத்துக்கு வந்தது. இன்று பலகையையே ஆளும் ராணி, 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் விதி மாறும்வரை, மூலைவாக்கில் ஒரே கட்டம் நகரும் மந்திரியாக இருந்தது. இந்தியாவின் பழைய நாட்டு ஆட்டத்தில் இன்றுள்ளதுபோல் கோட்டை கட்டுவது கிடையாது; ராஜா ஒரே ஒரு தடவை குதிரைபோலப் பாயலாம். 11ஆம் நூற்றாண்டில் அல்-பிரூனி விவரித்த நால்வர் சதுரங்கத்தில் யானைக்கு ஐந்தே நகர்வுகள்: முன்னால் ஒரு கட்டம், நான்கு மூலைகளில் ஏதாவது ஒன்றுக்கு ஒரு கட்டம். துதிக்கை ஒன்று, கால்கள் நான்கு. யானையை நன்றாகப் பார்த்த யாரோ செய்த விதி அது.

உன் ஆட்டத்தில் நீ சேர்த்த ‘பெரஹெர யானை’ என்ற காய்க்கு வருகிறேன். தான் போகும் வரிசையில் நிற்கும் எல்லாக் காய்களையும் ஒரே நகர்வில் மிதித்துத் தள்ளும் என்று எழுதியிருக்கிறாய். கேட்கும்போது கம்பீரமாக இருக்கிறது. ஆடும்போது வேறு கதை. முதலில் நகர்த்துகிறவர் யானைக்கு வழி திறந்துவிட்டால், மற்றவர் தன் யானையைத் தொடுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. இருவருக்கும் ஒரே சக்தியைக் கொடுத்தால் சமம் என்று நினைத்திருப்பாய். அழிக்கும் சக்தி மிகப் பெரிதாகிவிட்டால், முந்திக்கொள்பவர் பக்கமே அது சாயும்.

எசல பெரஹெர ஊர்வலத்தை உன் வயதில் எத்தனையோ தடவை பார்த்திருப்பாய். தலதா மாளிகையின் பேழையைச் சுமந்து வரும் யானைக்கு முன்னால் வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டே போவார்கள். அந்தத் துணிமீதுதான் அது கால் வைக்கும். இரு பக்கமும் துணைக்கு வேறு யானைகள் வரும். அத்தனை பெரிய மிருகம், மற்றவர்கள் விரித்த துணியை நம்பி அடியெடுத்து வைக்கிறது. உன் விதி அங்கேதான் இருக்கிறது, தம்பி. யானை எவ்வளவு தூரமும் போகட்டும், வழியிலுள்ள காய்களையும் தாண்டட்டும். ஆனால் தன் அணிக் காய் ஒன்று காவல் காக்கும் கட்டத்தில் மட்டுமே இறங்க வேண்டும். இப்படி மாற்றி ஆடிப் பார்த்தேன். எதிராளி யானையைத் துரத்துவதை விட்டுவிட்டு, அதற்குத் துணி விரிக்கும் சிப்பாய்களைத் தேடிப் பிடிக்கத் தொடங்குகிறார். காய்கள் குறையக் குறைய யானையின் உலகமும் சுருங்குகிறது. ஒரு மூலைச் சிப்பாய்க்குக்கூட மதிப்பு வந்துவிடுகிறது.

நான் உனக்குச் சொல்ல விரும்புவது இதுதான். சிறப்புச் சக்தியைக் காயின் தனிச் சொத்தாக எழுதாதே. அதை வேறொரு காயோடு கட்டிப் போடு.

உன் பாட்டிக்கு ஆடுபுலி ஆடத் தெரிந்திருக்கும், கேட்டுப் பார். 23 புள்ளிகள், மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். ஆட்டுக்கு வெட்டும் சக்தியே இல்லை. புலி ஓர் ஆட்டைத் தாண்டி வெட்ட வேண்டுமானால் அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருக்க வேண்டும். அங்கே இன்னோர் ஆடு நின்றால் முன்னால் நிற்கும் ஆடு தப்பிவிடும். ஆட்டின் பலம் முழுவதும் பக்கத்து ஆட்டிடம் இருக்கிறது. சிங்கள ஊர்களில் இதன் உறவுக்கார ஆட்டங்கள் உண்டு. ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட நூலில் அவற்றைப் பதிவு செய்தார். அவற்றுள் ஒன்றில் ஏழு சிறுத்தைகள் சேர்ந்து ஒரு புலியை மடக்குகின்றன. சமமில்லாத இரண்டு படைகளை மோதவிட்டும் நல்ல ஆட்டம் செய்யலாம் என்பதற்கு இவற்றைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு சிறப்புச் சக்திகள் உன் தாளில் இருக்கின்றன. அது அதிகம். அமெரிக்கரான ராபர்ட் அபட் 1962இல் 'அல்டிமா' என்றொரு சதுரங்கம் செய்தார். அதில் ராஜாவும் சிப்பாய்களும் தவிர மற்றக் காய்கள் ராணிபோலவே நகரும்; வெட்டுவதில்தான் ஒவ்வொன்றும் வேறு. ஒன்று பின்வாங்கி வெட்டும். ஒன்று அருகில் வந்த எதிரிகளை அசையவிடாமல் முடக்கும். பச்சோந்தி என்ற காய், எதிரிக் காய் எப்படி வெட்டுமோ அப்படியே அதை வெட்டும். அபாரமான கற்பனை. ஆனாலும் அபட்டுக்கே பின்னாளில் அதில் திருப்தி இல்லை. ஆடுகிறவர் பலகையைப் பார்த்து ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று கணிக்க முடியாவிட்டால், கற்பனை எவ்வளவு இருந்தும் களைப்புத்தான் மிஞ்சும் என்பது என் கருத்து.

விதியைச் சேர்க்காமல் எடுத்தும் பார். முன்னாள் உலகச் சாம்பியன் கிராம்னிக், கோட்டை கட்டுவதை மட்டும் நீக்கி ஆடலாமே என்று 2019இல் சொன்னார். 2020 ஜனவரியில் சென்னையிலேயே அப்படி ஒரு போட்டி நடந்தது. அடுத்த ஆண்டு டோர்ட்முண்டில் ஆனந்த் அந்த விதிப்படி கிராம்னிக்கையே வென்றார். ராஜா நடுவில் மாட்டிக்கொள்வதால் மனப்பாடம் செய்த தொடக்கங்கள் பலவும் உதவாமல் போகின்றன.

உன் நண்பர்களில் சிங்களவரும் முஸ்லிம்களும் இருக்கிறார்கள் அல்லவா? அது உனக்குக் கிடைத்த வசதி. ஒவ்வொரு விதியையும் தமிழிலும் சிங்களத்திலும் வாயால் சொல்லிப் பார். இரண்டு மொழியிலும் ஒரே மூச்சில் சொல்ல முடியாத விதியை அடித்துவிடு. பிறகு அவர்களை ஆடவிட்டு நீ பேசாமல் பக்கத்தில் உட்கார். எந்த இடத்தில் அவர்கள் உன் முகத்தைப் பார்க்கிறார்களோ, அந்த விதி இன்னும் முடியவில்லை. பக்கம் மாற்றி ஆடச் சொல். யார் முதலில் நகர்த்தினார், யார் வென்றார் என்று எழுதி வை. பலகைக்கு வர்ணம் பூசுவதையெல்லாம் இப்போதைக்குத் தள்ளிப்போடு. அட்டையும் பேனாவும் போதும்.

பன்னிரண்டில் மூன்றை மட்டும் வைத்துக்கொள். யானை கட்டாயம் இருக்கட்டும். அடுத்த கடிதத்தில் புது விதிகளோடு, உன் நண்பர்கள் ஆடிய ஆட்டங்களின் நகர்வுக் குறிப்புகளையும் சேர்த்து அனுப்பு. யானை துணியில்லாமல் சிக்கிக்கொண்ட ஆட்டங்களை முதலில் வை.