மண்ணுக்கடியில் எண்ணெய்த் தொட்டி: செலவு யாருக்கு?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் 2019-இல் ஒரு பழைய வீடு வாங்கினோம். குளிருக்கு வீட்டைச் சூடேற்றுவது கேஸில்தான். இப்போது விற்கப் போனபோது, வாங்க வந்தவர் ஆள் வைத்து ஸ்கேன் செய்ததில் பின்கொல்லையில் புதைந்திருந்த 550 கேலன் எண்ணெய்த் தொட்டி தெரியவந்தது. தோண்டினால் தொட்டியில் ஓட்டை, மண்ணெல்லாம் எண்ணெய் நாற்றம். அதில் ஒரு சொட்டுகூட நாங்கள் எரித்ததில்லை. "உள்ளது உள்ளபடி என்று கையெழுத்துப் போட்டீர்களே" என்கிறார் பழைய உரிமையாளர். இன்சூரன்ஸும் கைவிரித்துவிட்டது. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அரசு முதலில் உங்களிடம்தான் வரும், அம்மா. ஆனால் முழுச் செலவும் உங்கள் தலையில் நிற்க வேண்டியதில்லை.

நியூ ஜெர்சியின் 1976-ஆம் ஆண்டு 'ஸ்பில் ஆக்ட்' யார் தவறு என்று பார்ப்பதில்லை; நிலத்துக்கு உரியவரையும் பொறுப்பாக்குகிறது. வாங்கும்போது உரிய விசாரணை செய்த அப்பாவிக்கு விலக்கு உண்டு. நீங்கள் அன்று ஸ்கேன் செய்யாமல் வாங்கியிருந்தால் அந்த வாதம் நிற்பது கடினம்.

'உள்ளது உள்ளபடி' என்ற வரி அரசைக் கட்டுப்படுத்தாது. ஒப்பந்தத்தில் சுற்றுச்சூழல் பொறுப்பை நீங்கள் வெளிப்படையாக ஏற்றிருந்தாலொழிய, பழைய உரிமையாளரிடம் பங்கு கேட்கவும் அது பெரும்பாலும் தடையாகாது. தொட்டி இருப்பது தெரிந்தே மறைத்தார் என்ற மோசடி வழக்குக்கு 6 ஆண்டுக் காலவரம்பு உண்டு. ஸ்பில் ஆக்டின் கீழ் பங்கு கேட்கும் வழக்குக்கோ வரம்பே இல்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 2015-இல், மோரிஸ்டவுன் வணிக வளாகத்து எண்ணெய்க் கசிவு வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் அவர் காலத்தில் கசிந்த எண்ணெய்தான் இந்த மாசுக்குக் காரணம் என்று நீங்கள் காட்ட வேண்டும். 2012-இல் அந்தத் தொடர்பை நிறுவ முடியாமல் அரசே ஒரு வழக்கில் தோற்றது.

இன்சூரன்ஸின் முதல் பதிலை முடிவென்று கொள்ளாதீர்கள். சொந்த மண்ணைச் சுத்தம் செய்ய மட்டும் பாலிசி பொதுவாகப் பணம் தராது. நிலத்தடி நீர் கெட்டிருந்தால் அது பிறருக்கு நேர்ந்த சேதம். அப்போது பொறுப்புக் காப்பீட்டில் கேட்கலாம். புதிய பாலிசிகள் பலவற்றில் மாசு விலக்கு இருக்கும். பழையவற்றில் இல்லாமலும் இருக்கலாம். மெல்லக் கசிந்த சேதத்தை அத்தனை ஆண்டுப் பாலிசிகளும் பகிர வேண்டும் என்பது 1994 முதல் இங்குள்ள சட்டம். ஆகவே பழைய உரிமையாளர் மேல் வழக்கு என்றால், அவருடைய பழைய பாலிசிகளும் களத்துக்கு வரும்.

உடனே செய்ய வேண்டியவை:

1. மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் அவசர எண்ணுக்குக் கசிவைத் தெரிவியுங்கள். தாமதித்தால் அதுவே தனிக் குற்றம்.
2. தொட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். அந்தத் துரு எத்தனை ஆண்டுப் பழையது என்று நிபுணர் சொல்வதுதான் உங்கள் சாட்சி.
3. உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் பழைய உரிமையாளருக்கும் எழுத்தில் அறிவிப்பு அனுப்பி, தொட்டியைப் பார்வையிட அவகாசம் கொடுங்கள்.
4. மண்ணோடு நிலத்தடி நீரையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

மண்ணோடு நின்றால் பல்லாயிரம் டாலரில் முடியலாம். தண்ணீரைத் தொட்டிருந்தால் இலட்சத்தையும் தாண்டலாம். 'மேல்நடவடிக்கை தேவையில்லை' என்ற துறையின் கடிதம் கைக்கு வரும்வரை வீட்டு விற்பனையைத் தள்ளிவையுங்கள்.