கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: பெங்களூரில் ஐ.டி. வேலை, வயது 27. இத்தனை நாள் பி.ஜி.யிலேயே காலம் ஓடிவிட்டது. கல்யாணப் பேச்சு நடப்பதால் இப்போது வீடு தேடுகிறேன். சமையல், கார், நீச்சல், வரிக் கணக்கு எதுவும் எனக்குத் தெரியாது. எதை முதலில் கற்றுக்கொள்வது? ஒரு வீடு பிடித்திருக்கிறது. வாடகை 25,000, அட்வான்ஸ் ஆறு மாதம். இன்றைக்கே டோக்கன் போடச் சொல்கிறார் புரோக்கர்.
- வாசகர், பி.டி.எம். லேஅவுட்

பதில்: தம்பி, சமையலைப் பசி கற்றுக்கொடுத்துவிடும். நீச்சலுக்கு அவசரமில்லை. கையெழுத்துப் போடும் காகிதத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வதுதான் உங்களுக்கு முதல் பாடம். ஒன்றரை லட்ச ரூபாயை இன்னொருவர் கையில் கொடுக்கப்போகிறீர்கள்.

மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. ஆனால் அது வெறும் மாதிரி. மாநிலம் ஏற்றால்தான் செல்லும். பெங்களூரில் பத்து மாதம் என்பதுதான் பழைய வழக்கம். இப்போது ஐந்து, ஆறு என்றும் கேட்கிறார்கள். ஆகவே கூசாமல் பேரம் பேசுங்கள்.

ஒப்பந்தம் 11 மாதத்துக்கு இருக்கும். ஓராண்டைத் தாண்டினால் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். அதைத் தவிர்க்கவே இந்த 11. அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கண்ணை ஓட்டவேண்டியது கடைசிப் பக்கத்தில். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்தம் என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். எட்டே மாதத்தில் உங்களுக்கு ஊர் மாறினாலும் 25,000 போய்விடும். சுவரைப் பாழாக்கியிருந்தால் மட்டும், அதுவும் பில் காட்டி, என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். மீதி அட்வான்ஸ் எந்த நாளில் கைக்கு வரும் என்பதும் எழுத்தில் வேண்டும். சாவி கொடுக்கும் அன்றே என்றால் நல்லது. 'அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்' என்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது தண்ணீர். 2024 கோடையில் நகரத்தின் சுமார் 13,900 அரசு போர்வெல்களில் 6,900 வற்றிவிட்டதாக அரசே சொன்னது. டேங்கர் விலை எகிறி, மாவட்ட நிர்வாகம் தலையிட்டு விலை நிர்ணயிக்கவேண்டி வந்தது. வீட்டில் காவிரி இணைப்பு உண்டா, வெறும் போர்வெல்லா, டேங்கர் செலவு யார் தலையில்? புரோக்கரிடம் கேட்டுப் பயனில்லை, மாடி வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

அட்வான்ஸை வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள். குடிபுகும் நாளில் சுவர், குழாய், மின்மீட்டர் எண் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப் செய்துவிடுங்கள். பிற்பாடு சண்டை வந்தால் அதுதான் உங்கள் சாட்சி.

'வேறு பார்ட்டி வெயிட்டிங்' என்பது புரோக்கர் எல்லாரிடமும் சொல்வது. ஒப்பந்த நகலை வாங்கி, ஓர் இரவு வைத்திருந்து படித்துவிட்டு டோக்கன் போடுங்கள். நகல் தர மறுத்தால் அந்த வீடு வேண்டாம்.