கரைவலையும் கிறிஸ்தவ வாழ்வும்

கேள்வி: குருவோ துறவியோ அல்லாத கிறிஸ்தவர், திருகோணமலை போன்ற துறைமுக ஊரில் தம் விசுவாசத்தை அன்றாடம் வாழ்வது எவ்வாறு?

பதில்: குருத்துவத் திருநிலைப்பாடு பெறாதவரும் துறவற சபைகளைச் சேராதவருமான இறைமக்களைக் கத்தோலிக்கத் திருச்சபை ‘பொதுநிலையினர்’ என அழைக்கிறது. அவர்களின் திருத்தூதுப் பணி குறித்து இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட ஏடு, தொழில், குடும்பம், ஊர்ப் பொதுவாழ்வு ஆகியவற்றையே அவர்களுக்குரிய பணிக்களமாகக் காட்டுகிறது. ஆகவே, திருகோணமலையின் பாலையூற்று லூர்து அன்னை திருத்தலத்தில் மெழுகுதிரி ஏற்றும் கடற்றொழிலாளியின் பக்தி, மறுநாள் கரைவலை இழுக்கும்போதே உரைத்துப் பார்க்கப்படுகிறது. கடலில் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் நின்று பலர் கூடி இழுக்கும் இத்தொழிலில், விற்ற பணத்திலிருந்து செலவு கழித்த பின்பே பங்கு பிரிக்கப்படுவதால், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி எரிபொருள் கணக்கில் நூறு ரூபாய் கூட்டி எழுதினாலும், கைகள் காய்த்துப்போன இழுவைக்காரரின் வீட்டு உலையில் அரிசி குறையும். அக்கணக்கைச் சரியாக எழுதுவது செபத்துக்குக் குறைந்த செயலன்று. அயலாருடனான உறவும் அத்தகையதே. இலங்கையில் 2019 ஏப்ரல் 21 அன்று இஸ்லாமியத் தீவிரவாதிகள் நடத்திய உயிர்ப்பு ஞாயிறுத் தாக்குதல்களில் 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பின்னர், அக்கொடுமையில் எவ்விதப் பங்குமில்லாத முஸ்லிம் அயலவரின் கடைக்கு வழக்கம்போலச் சென்று, சீனியும் தேயிலையும் வாங்கி, அவர் பிள்ளைகளின் நலம் விசாரித்துத் திரும்புவது, துயரத்தின் நடுவே நற்செய்தி கேட்கும் மிகக் கடினமான கீழ்ப்படிதல்களுள் ஒன்றாகும்.