வெள்ளச் செய்தி வாசிக்கப்போகும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

ஆண்டிறுதி மழை நெருங்கும் நேரத்தில் வானொலிச் செய்தி அறைக்கு வந்திருக்கிறாய். மற்றப் பாடங்களை அப்புறம் பார்ப்போம். ல, ள, ழ மூன்றையும் முதலில் கவனி.

2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. மறு ஆண்டு டிசம்பர் 16-இல் பத்தாங் காலியில் நிலம் சரிந்து 31 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட செய்திகளில் மழையும் மலையும் வெள்ளமும் ஒரே மூச்சில் வரும். வெள்ளத்தை வெல்லம் என்று வாசித்தாலும் பொருள் புரிந்துவிடும் என்பார்கள். புரியும்தான். ஆனால் உறவினரைப் பற்றித் தகவல் வராதா என்று காத்திருப்பவருக்கு, தம் துயரத்தை ஏனோதானோவென்று வாசித்தார்கள் என்ற வருத்தம் தங்கிவிடும்.

ல-வுக்கு நுனிநாக்கு மேல்பல்லின் அடியைத் தொடும். ள-வுக்கு அது பின்னால் மடிந்து அண்ணத்தில் ஒட்டும். ழ-வுக்கு ஒட்டவே கூடாது. தொல்காப்பியர் சொல்வதுபோல் அண்ணத்தை வருடினால் போதும். 'கிள்ளான் பள்ளத்தாக்கில் பலத்த மழை' என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகு. மூன்றும் அதில் இருக்கின்றன.

நாக்கு பழகிவிடும். பெயர்கள்தாம் கடினம். நமக்கு வரும் குறிப்புகளில் பல மலாய் மொழியில், ரூமி என்னும் ரோமன் எழுத்தில் இருக்கும். அங்கே மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே 'எல்'தான். பழனி, மலர் என்றால் ஊகித்துவிடலாம். வள்ளியா வல்லியா என்பதை எந்த வாக்கியமும் உனக்குச் சொல்லாது. குத்துமதிப்பாக வாசிக்காதே. செய்தியாளரைக் கூப்பிடு, அவருக்கும் தெரியாவிட்டால் குடும்பத்தாரிடம் கேட்கச் சொல். இறந்தவர் பெயர் என்றால் நேரமில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தப் பெயர் வானொலியில் ஒலிப்பது அந்த ஒரு முறையாகவே இருக்கலாம். பெற்றவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ந, ன இரண்டும் இன்று காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான்; அந்தக் கவலை எழுதுபவருக்கு. ண-வை மட்டும் விட்டுவிடாதே, பணி வேறு, பனி வேறு. ர, ற பற்றி நீ பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வரும்போது நேரில் பேசுவோம்.

கேட்டுத் தெரிந்துகொண்ட எழுத்தைத் தாளில் பெயருக்கு மேலேயே பென்சிலால் எழுதிவை. அடுத்த செய்திக்கு அதே தாளை வேறொருவர் எடுத்து வாசிப்பார்.

அன்புடன்,
அக்கா