தலை நீங்கிய பேன் எத்தனை நாள் வாழும்?

முட்டைக்கு ஈர் என்றும், அது பொரித்து வளர்ந்த பூச்சிக்குப் பேன் என்றும் தனித்தனிப் பெயர் வைத்தவர் நம் முன்னோர். சிறியதைப் பெரிதாக்கிப் பேசுபவனை, ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குபவன் என்று அவர்கள் எள்ளி நகையாடினர். பேனைப் பற்றி நம் வீடுகளில் வழங்கும் அச்சங்களுட் பல இப்பழமொழிக்கு ஏற்றவையே. பிள்ளையின் தலையில் பேன் இருப்பது தெரிந்தவுடன் மெத்தை வெயிலுக்குச் செல்கின்றது, திரைச்சீலைகள் கழற்றப்படுகின்றன, வீடெங்கும் பூச்சிமருந்து தெளிக்கப்படுகின்றது. பள்ளியிலோ, அப்பிள்ளையின் அருகில் அமரப் பிறர் தயங்குகின்றனர். இவற்றுள் எது தேவை, எது வீண்? தலையை விட்டு நீங்கிய பேன் எவ்வளவு காலம் உயிரோடிருக்கும் என்பதை அறிந்தால் இதற்கு விடை கிடைத்துவிடும்.

வளர்ந்த பேன் ஓர் எள்ளளவே இருக்கும். அதன் நீளம் 2 முதல் 3 மில்லிமீட்டர். அதன் ஆறு கால்களின் நுனியிலும் கொக்கி போன்ற நகம் உண்டு. மயிரிழையைப் பற்றுவதற்கென்றே அமைந்த நகம் அது. பேனுக்கு இறக்கை இல்லை, தத்தவும் தெரியாது. வழவழப்பான தரையில் நடப்பதே அதற்குப் பெரும்பாடு. மனிதக் குருதியன்றி வேறு உணவு அதற்கு இல்லை. நாளொன்றுக்குப் பலமுறை அதனை உறிஞ்சியாக வேண்டும். ஆகவே, தலையில் ஏறத்தாழ 30 நாள் வாழக்கூடிய பேன், கீழே விழுந்தால் ஒன்றிரண்டு நாள்களில் பசியாலும் வறட்சியாலும் மடிந்துவிடுகின்றது. நாய், பூனையின் உடலில் ஏறியும் அது பிழைக்க முடியாது.

ஈரின் நிலையும் இதுவே. பெண்பேன் தலைத்தோலை ஒட்டி, பெரும்பாலும் 6 மில்லிமீட்டருக்குள், ஒருவகைப் பசையால் முட்டையை மயிரோடு ஒட்டுகின்றது. தலையின் வெம்மையில் 7 முதல் 10 நாள்களில் அது பொரிக்கும். உதிர்ந்த மயிரோடு தரையில் கிடக்கும் ஈருக்கு அவ்வெம்மை கிடைப்பதில்லை; பொதுவாக ஒரு வாரத்திற்குள் அது அழிந்துவிடும்.

ஆதலின், பேன் பரவும் முதன்மையான வழி ஒன்றே. தலையோடு தலை ஒட்டும்போது அது ஒரு மயிரிழையிலிருந்து மற்றொன்றுக்கு ஏறிச் செல்கின்றது. தேக்காச் சந்தையின் நாற்காலியோ எம்.ஆர்.டி. வண்டியின் இருக்கையோ நாம் அஞ்சத்தக்கவையல்ல. ஒரே கைப்பேசியை இருவர் தலைசாய்த்துப் பார்க்கும்போதும், மாணவர் பராமரிப்பு நிலையத்தில் அருகருகே படுத்துறங்கும்போதும், தீபாவளிக்கு வந்த உறவுப் பிள்ளைகள் ஒரே பாயில் கிடந்து கதை பேசும்போதும்தான் பேன் பயணம் செய்கின்றது. சீப்பு, தொப்பி, துண்டு ஆகியவற்றாலும் சிற்சில வேளை பரவலாம். நீச்சற்குளத்தைப் பற்றிச் சிலர் வினவுவர். நீரில் பேன் பல மணி நேரம் பிழைத்திருக்கும். ஆனால் மயிரை இறுகப் பற்றிக் கொள்வதால், நீர்வழியே பிறர் தலையை அடைவது அரிது.

எனவே, வீட்டில் செய்யவேண்டியது சிறிதே. கடந்த இரண்டு நாள்களில் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, ஆடை ஆகியவற்றை ஏறத்தாழ 55 பாகை வெந்நீரில் துவைத்தால் போதும். துவைக்க இயலாத துணிப்பொம்மையை நெகிழிப் பையில் இட்டு இரண்டு வாரம் கட்டி வைக்கலாம். அடுக்குமாடி வீடுகளைச் சுற்றிக் கொசுவுக்குப் புகையடிப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு, பேனுக்கும் அவ்வாறு மருந்தடிக்கத் தோன்றுவது இயல்பே. ஆயினும் அது வேண்டா. அம்மருந்து நம் மூச்சுக்குத்தான் கேடு.

உண்மையான வேலை தலையில்தான் இருக்கின்றது. சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கடைகளில் விற்கும் நெருக்கமான பற்களுடைய பேன்சீப்பு எளிய கருவியாயினும் மிகத் தொன்மையானது. இஸ்ரேல் நாட்டின் லாக்கீசு என்னுமிடத்தில் 2016ஆம் ஆண்டு யானைத்தந்தச் சீப்பு ஒன்று கிடைத்தது. அதன்மீது எழுத்துகள் இருப்பதை 2021இல்தான் கண்டனர். தலைமயிரிலும் தாடியிலும் உள்ள பேனை இச்சீப்பு களையட்டும் என்னும் கருத்துடைய வாசகம் அது. ஏறத்தாழ 3,700 ஆண்டுப் பழமையுடைய அவ்வாசகமே, அகரவரிசை எழுத்தில் நமக்குக் கிடைத்துள்ள முழுவாக்கியங்களுள் மிகத் தொன்மையானது என்பர். அச்சீப்பின் பற்களிடையே பேனின் எச்சமும் இருந்தது! மனிதன் எழுதக் கற்றதும் பேனைப் பற்றி எழுதினான் என்பது வேடிக்கையன்றோ?

மயிரை நனைத்து, எண்ணெயோ மயிர்ப்பதப்படுத்தியோ தடவி, சிறுசிறு பகுதியாகப் பிரித்து, அடியிலிருந்து நுனிவரை வாருதல் வேண்டும். ஒவ்வொரு முறை வாரியபின்னும் சீப்பை வெள்ளைத் தாளில் துடைத்துப் பார்க்கவேண்டும். மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை இரண்டு வாரம் இவ்வாறு செய்தால், புதிதாய்ப் பொரிக்கும் குஞ்சுகள் முட்டையிடும் பருவம் எய்துமுன் அகப்பட்டுவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் பெர்மெத்ரின் கலந்த நீர்மம் பேனைக் கொல்லும், ஈரைக் கொல்லாது. அதனால்தான் ஏறத்தாழ 9ஆம் நாள் மறுமுறை இடுகின்றனர். வீட்டில் உள்ள அனைவர் தலையையும் அதே நாளில் பார்த்தல் நன்று. மண்ணெண்ணெய் தடவும் பழைய வழக்கத்தை அறவே விலக்குக. தீப்பற்றி உயிருக்கே கேடு விளையும்.

இனி, நாணத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பேன் அழுக்குத் தலையைத் தேடி வருவதில்லை. நாள்தோறும் குளித்தவர் தலையிலும் வாழும். முதன்முறை பேன் பற்றியவருக்கு அரிப்புத் தோன்றவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். ஆகவே, இன்று தலையைச் சொறியும் சிறுமி பல வாரமாக நம்மோடு விளையாடியவளே. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று ஆராய்வதும், அவளை இன்று தனியே அமர்த்துவதும், கூந்தலை மழிப்பதும் பொருளற்றவை. அவளுக்கு அரிப்பைவிட இவையே மிகுந்த துன்பந்தரும். பேன் கொடிய காய்ச்சலைத் தரும் என்னும் அச்சமும் இடம் மாறி வந்ததே. டைபசுக் காய்ச்சலைப் பேன் பரப்புவதை 1909இல் தூனிசு நகரில் சார்லசு நிக்கோல் கண்டறிந்தார். 1928இல் நோபெல் பரிசும் பெற்றார். ஆனால், அவர் கண்டது ஆடையில் வாழும் உடற்பேனை. தலைப்பேன் நோய் பரப்புவதாக அறியப்படவில்லை.

மருந்திட்ட பின்னும் மயிரில் வெண்புள்ளிகள் தெரியலாம். மயிர் மாதத்திற்கு ஏறத்தாழ 1 செண்டிமீட்டர் வளர்வதால், தலைத்தோலிலிருந்து அவ்வளவு தொலைவுக்கு அப்பால் இருப்பவை பெரும்பாலும் பொரித்துப்போன வெற்றுக் கூடுகளே. அவற்றை நகத்தால் மெல்ல இழுத்து எடுத்துவிடலாம். அவற்றுக்காக மீண்டும் மருந்திட வேண்டியதில்லை.