கோணம் தெரிந்தபின் குழாய் வாங்கு

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. உன் கடிதமும் நீ வரைந்த படமும் கிடைத்தன. முன்னால் மட்டும் ஸ்பிரிங் ஃபோர்க், பெரிய சக்கரம், நன்றாகச் சாய்ந்த கழுத்து என்று ஒரு ஹார்டுடெயில் மலை சைக்கிளை நீயே கட்டப்போவதாக எழுதியிருக்கிறாய். படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. படத்தில் நிறம் தீட்டியிருக்கிறாய், பேர்கூட எழுதியிருக்கிறாய். ஆனால் ஓர் இடத்திலும் டிகிரி போடவில்லை. சைக்கிளின் குணம் நிறத்தில் இல்லை, கோணத்தில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் மாட்டுக்கொட்டகையில் சாத்தி வைத்திருக்கும் தாத்தாவின் சைக்கிளை வெளியே எடு. டயரின் பக்கவாட்டில் 28×1½ என்று இருக்கும். அந்த டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர். இன்று எல்லாரும் கேட்கும் 29 இஞ்ச் மலை சைக்கிளின் ரிம் 622 தான். டயர் பருமனாக இருப்பதால்தான் அது 29 என்ற பேரை வாங்கியது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கிய காலம் முதல் நம் ஊர் மண்சாலைகளில் நெல் மூட்டையும் பால் கேனும் ஏற்றி ஓடியவை இந்தப் பெரிய சக்கர வண்டிகளே. அவற்றின் கழுத்துக் குழாயும் தரையிலிருந்து அளந்தால் 66, 67 டிகிரியில் படுத்திருக்கும். இந்த எண் குறையக் குறையச் சாய்வு கூடுகிறது என்று நினைவில் வை. பெரிய சக்கரமும் சாய்ந்த கழுத்தும் நமக்குப் புதிதல்ல. நீ குரங்கு பெடல் போட்டுப் பழகிய வண்டியிலேயே இரண்டும் இருந்தன.

அப்படியானால் அதையே மலையில் ஓட்டலாமே என்று கேட்பாய். வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து முன் ஃபோர்க்கைப் பார். கீழே வரவர அது முன்னோக்கி நன்றாக வளைந்திருக்கும். கழுத்துக் குழாயின் வழியாக ஒரு கோடு தரைவரை ஓடுவதாக வைத்துக்கொள். டயர் தரையைத் தொடும் இடம் அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும். இரண்டுக்கும் உள்ள தூரத்துக்கு டிரெயில் என்று பேர். ஹேண்டிலை நேராகப் பிடித்து இழுத்துச் செல்வது இந்தத் தூரம்தான். தாத்தா வண்டியில் கழுத்து சாய்ந்து டிரெயிலைக் கூட்டுகிறது, ஃபோர்க்கின் வளைவு அதைக் குறைக்கிறது. அதனால் சந்தைக் கூட்டத்திலும் லேசாகத் திரும்பும். மலை வண்டியில் வளைவைக் குறைத்து, சாய்வை அப்படியே விடுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார். சக்கரத்தின் ஆரம் 370 மில்லிமீட்டர், ஃபோர்க்கின் முன்தள்ளல், அதாவது அந்த வளைவு சக்கர அச்சைக் கழுத்துக் கோட்டுக்கு முன்னே தள்ளும் தூரம், 44. கழுத்து 71 டிகிரி என்றால் டிரெயில் 81 மில்லிமீட்டர். 66 டிகிரி என்றால் 117. ஐந்து டிகிரியில் இத்தனை மாற்றம். கல் மேல் இறங்கும்போது கையிலிருந்து ஹேண்டில் பறிபடாமல் நிற்பதும், செங்குத்தான இறக்கத்தில் முன்சக்கரம் உன் எடைக்கு நன்றாக முன்னே இருப்பதும் இதனால்தான். விலையும் உண்டு. மெதுவாக மேடு ஏறும்போது முன்சக்கரம் அங்கும் இங்கும் அலையும். அதைச் சமாளிக்க சீட்டுக் குழாயை 75 டிகிரிக்கு நிமிர்த்தி, உன் எடையை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும்.

பெரிய சக்கரத்தின் பலனையும் எண்ணிலேயே சொல்கிறேன். 60 மில்லிமீட்டர் உயரக் கல் ஒன்று குறுக்கே கிடக்கிறது. 26 இஞ்ச் சக்கரம் அதை ஏறக்குறைய 34½ டிகிரியில் மோதும், 29 இஞ்ச் 33 டிகிரியில். வித்தியாசம் ஒன்றரை டிகிரிதான். ஆனால் உன் பாதையில் கிடப்பது ஒரு கல் அல்ல. பின்பக்கம் ஸ்பிரிங் இல்லாத வண்டியில் அந்த ஒன்றரை டிகிரி ஒவ்வொரு கல்லிலும் உன் முழங்காலையும் முதுகையும் காப்பாற்றும்.

இந்த வண்டிகள் பிறந்த கதையைத் தெரிந்துகொள். 1976 அக்டோபரில் அமெரிக்காவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள் பழைய ஷ்வின் வண்டிகளில் மலைப்பாதையில் இறங்கிப் போட்டி வைத்தார்கள். பின்பெடல் பிரேக் சூடேறி ஹப்பிலிருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. அதனாலேயே போட்டிக்கு ரீபேக் என்று பேர் வந்தது. அடுத்த ஆண்டு அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ், மலைக்கென்றே ஒரு பிரேமைத் தானே கட்டினார். 29 இஞ்சுக்குச் சரியான மலை டயர் 1999இல்தான் வந்தது. கிழட்டு வண்டியை ஓட்டிப் பார்த்து, குறை கண்டு, அளவு எடுத்துத்தான் அவர்களும் தொடங்கினார்கள். நீயும் அப்படியே தொடங்கு.

ஹார்டுடெயிலுக்கு மட்டும் உரிய ஒரு நுணுக்கம் உண்டு. முன் ஃபோர்க் அமுங்கும்போது பின்பக்கம் அமுங்காது. வண்டி மூக்கைக் குத்தும், கழுத்து நிமிர்ந்துவிடும். 120 மில்லிமீட்டர் ஃபோர்க், 65 டிகிரி கழுத்து என்று வரைந்தாயானால், நீ ஏறி உட்கார்ந்ததும் ஃபோர்க் 25 மில்லிமீட்டர் இறங்கிக் கோணம் 66 ஆகும். பெரிய பள்ளத்தில் முழுக்க அமுங்கினால் 70ஐத் தொடும். இறக்கத்தில் சாய்வு வேண்டிய அந்த நொடியில்தான் சாய்வு போய்விடுகிறது. ஆகவே நீளமான ஃபோர்க்குக்கு ஆசைப்படாதே. 120 போதும், தொடக்கக் கோணத்தைச் சாய்வாக வை.

உன் வயதில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய பிரேமின் கழுத்தை அறுத்து, சாய்த்து, கேட்டுக்குப் பற்றவைப்பதுபோலப் பற்றவைத்தேன். மூன்றாம் வாரம் ஏரிக்கரையிலிருந்து இறங்கும்போது கழுத்துக்குக் கீழே, கீழ்க்குழாய் சேரும் இடத்தில் பிளந்துவிட்டது. தாடையில் இன்னும் தழும்பு இருக்கிறது. சாய்வு கூடினால் ஃபோர்க் ஒரு நெம்புகோலாகி அந்த மூட்டைத்தான் பிடுங்கும். மெல்லிய குழாயில் அதிகச் சூடு பட்டால் மூட்டின் ஓரம் வலுவிழக்கும். பிரேமை, 4130 குரோமோலிக் குழாயில் வேலை தெரிந்த, ஜிக்கில் பூட்டிப் பற்றவைப்பவரிடமே கொடு. பள்ளியில் தந்த விலையில்லா மிதிவண்டி மேல் மட்டும் ரம்பம் வைக்காதே. அது உன்னைப் பள்ளிக்குக் கொண்டுபோகும் வண்டி.

பிரேம் வேறொருவர் கட்டட்டும், சக்கரத்தை நீயே கட்டு. 32 போக்ஸ் கம்பி, ஒவ்வொன்றும் மூன்று கம்பியைக் குறுக்கே தாண்ட வேண்டும். நம் கடைத்தெரு சைக்கிள் கடையில் கோட்டம் எடுக்கக் கற்றுக்கொண்ட நாள் இன்னும் நினைவிருக்கிறது. கடைக்காரர் ஃபோர்க்கில் ஒரு சாக்கட்டியைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றுவார். எங்கே கோடு விழுகிறதோ அங்கே ரிம் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்தப் பக்கத்து நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்தைக் கால் சுற்று முறுக்குவார். பிறகு இரண்டு இரண்டு கம்பியாகச் சேர்த்துப் பிடித்து அழுத்தி, தட்டிச் சத்தம் கேட்பார். ஒரே பக்கத்துக் கம்பிகளெல்லாம் ஒரே சுரத்தில் பேசினால் இழுவிசை சரி. பெரிய ரிம் சீக்கிரம் கோட்டமாகும், அதனால் இந்த வேலையில் அவசரம் கூடாது.

டயரில் டியூப் வேண்டாம். நம் பக்கத்துச் சீமைக் கருவேல முள்ளுக்கு டியூப் தாங்காது. டியூப் இல்லாத டயரில் அடைப்புத் திரவம் ஊற்றிவிட்டால் முள் போட்ட ஓட்டையை அதுவே மூடிவிடும். காற்றைக் கல்லாக அடிக்காதே. உன் எடைக்கு 20 முதல் 24 பி.எஸ்.ஐ. போதும், டயரும் ஒரு ஸ்பிரிங்தான்.

வண்டி தயாரானதும் ஏரிக்கரையில் பழகு, பிறகு ஜவ்வாது மலை வண்டிப்பாதைக்குப் போ. மேற்கே தெரியும் அண்ணாமலை 814 மீட்டர் உயரம், பார்க்கும்போதெல்லாம் ஆசை வரும். அது சைக்கிள் ஏற வேண்டிய மலை அல்ல, காப்புக்காடு, கும்பிடும் மலை. அதைக் காலால் சுற்றி வா.

இப்போது உனக்கு ஒரு வேலை. வரும் ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரிடம் தூக்குக்குண்டும் ரசமட்டமும் இரவல் வாங்கு. தாத்தா வண்டியைச் சமதரையில் நிறுத்து. கழுத்தின் கோணம், ஃபோர்க்கின் முன்தள்ளல், டிரெயில், பெடல் அச்சிலிருந்து பின் அச்சுவரை உள்ள நீளம், உன் இரண்டு காலுக்கும் நடுவே தரையிலிருந்து உள்ள உயரம், இந்த ஐந்தையும் அளந்து எழுதி அனுப்பு. அந்த ஐந்து எண்ணும் என் கைக்கு வந்த பிறகு குழாய் வாங்குவதைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
மாமா