பண்ணை வீட்டில் விருந்தினர் - இத்தாலி விவசாயிகளின் உபதொழில்

இத்தாலி நாட்டு விவசாயிகளில் ஒரு பகுதியினர், பண்ணையில் உள்ள பழைய கல்வீடுகளைச் செப்பனிட்டு, விடுமுறைக்கு வரும் குடும்பங்களுக்கும் நண்பர் குழுக்களுக்கும் வாடகைக்கு விட்டு வருமானம் பெறுகின்றனர். இத்தொழிலை அங்கு 'அக்ரிதுரிஸ்மோ' என்பர். வேளாண்மை, சுற்றுலா ஆகிய இரண்டையும் இணைத்த சொல் இது. இன்று 25,000-க்கும் மேற்பட்ட பண்ணைகள் இதற்கு அனுமதி பெற்றுள்ளன. இவற்றில் டஸ்கனி மாநிலத்தில் மட்டும் 5,000-க்கு மேல் உள்ளன. இத்தொழில் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு நடக்கிறது, இதன் பலன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பவற்றை அறிந்துகொள்வது, உபதொழில் தொடங்க எண்ணும் சிறு விவசாயிகளுக்குப் பயன் தரும்.

வீடுகள் காலியானது ஏன்?

டஸ்கனி, உம்பிரியா ஆகிய பகுதிகளில் பல நூற்றாண்டுகளாகப் பாதி வாரச் சாகுபடி வழக்கத்தில் இருந்தது. நிலமும் வீடும் நிலச்சொந்தக்காரருடையவை. உழைப்பு வாரக்குடியினுடையது. விளைச்சலில் பாதி இவருக்கு, பாதி அவருக்கு. நிலத்தின் நடுவிலேயே கல்வீடு இருக்கும். கீழ்த்தளத்தில் மாடுகளைக் கட்டுவார்கள். மேல்தளத்தில் குடும்பம் வசிக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிராக்டர் வந்தது. நகரங்களில் தொழிற்சாலைகள் பெருகின. 1950, 1960-களில் வாரக்குடிகள் பெருந்தொகையாக நகரங்களுக்குச் சென்றனர். புதிய வார ஒப்பந்தங்களை 1964-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. எஞ்சியவற்றைப் பணக் குத்தகையாக மாற்ற 1982-இல் மற்றொரு சட்டம் வந்தது.

காலியான வீடுகள் பலவற்றை நகரவாசிகளும் வெளிநாட்டவரும் குறைந்த விலைக்கு வாங்கினர். மாட்டுக்கொட்டில் உணவுக்கூடமாயிற்று. வைக்கோல் அறை படுக்கையறையாயிற்று. அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வாரக்குடிக்கு அதன்மேல் உரிமை இல்லை. ஆகவே வீட்டுக்கு மதிப்பு ஏறியபோது, அந்த லாபம் பெரும்பாலும் அவர் கைக்கு வரவில்லை. நிலமோ வீடோ தம் பெயரில் இருந்த விவசாயிகளே இத்தொழிலால் பயன்பெற்றனர். இதனை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

சட்டம் விதிக்கும் கட்டுப்பாடுகள்

பண்ணை உடைமையாளர்கள் 1965-இல் 'அக்ரிதுரிஸ்ட்' என்ற சங்கத்தை அமைத்தனர். நாடு முழுமைக்குமான முதல் சட்டம் 1985-இல் இயற்றப்பட்டது. அதற்குப் பதிலாக 2006-இல் வந்த சட்டமே இன்றைய அடிப்படை. அதன் முக்கிய விதிகள்:

1. விவசாயம் செய்பவர் மட்டுமே இத்தொழிலை நடத்தலாம். விருந்தினரைக் கவனிக்கும் வேலையைவிட விவசாய வேலையே முதன்மையாக இருக்க வேண்டும். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவாகிறது என்பதை வைத்து இதனை மதிப்பிடுகின்றனர். விருந்தினர் பத்துப் பேருக்கு மேற்படாவிட்டால், விவசாயமே முதன்மை என்று சட்டம் ஏற்றுக்கொள்கிறது.

2. பண்ணையில் ஏற்கனவே உள்ள கட்டடங்களையே இதற்குப் பயன்படுத்தலாம்.

3. உணவு அளிப்பதானால், சொந்தப் பண்ணையிலும் அவ்வட்டாரப் பண்ணைகளிலும் விளைந்த பொருள்களே பெரும்பங்காக இருக்க வேண்டும்.

இந்த விதிகள் இல்லாவிடில், பண்ணை என்ற பெயரில் ஓட்டல்கள் விளைநிலத்தைப் பிடித்துவிடும்.

குழுவுக்கு வீட்டை விடும் முறை

எட்டு முதல் பன்னிரண்டு பேர் தங்கும் வீட்டை முழுவதுமாக ஒரே குழுவுக்கு விடுவது உண்டு. கோடைக்காலத்தில் பெரும்பாலும் சனிக்கிழமை முதல் அடுத்த சனிக்கிழமை வரை ஒரு வாரக் கணக்கு. முன்பணமும், சேதத்துக்கு ஈடாக ஒரு காப்புத்தொகையும் பெறுவார்கள். குழுவினர் தாங்களே சமைத்துக்கொள்வார்கள். விருந்தினரின் பெயர் விவரங்களை, அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். பத்துப் பேர் தங்கும் வீட்டுக்கு வார வாடகை 2,000 யூரோ என்று கொண்டால், ஒருவருக்கு 200 யூரோதான் ஆகிறது. நாளொன்றுக்கு 30 யூரோவுக்கும் குறைவு. குழுவாக வருவோருக்கு இது சிக்கனம். விவசாயிக்கோ துப்புரவு வேலை வாரத்துக்கு ஒரு முறைதான். அன்றியும், ஆலிவ் எண்ணெய், திராட்சை மது, காய்கறி ஆகியவற்றை வியாபாரியிடம் போடாமல் வீட்டு வாசலிலேயே சில்லறை விலைக்கு விற்கலாம்.

ஆண்டில் 12 வாரம் ஆள் வந்தால் 24,000 யூரோ கிடைக்கும். இதில் சலவை, மின்சாரம், துப்புரவுக் கூலி, தரகு, பழுது, வரி, கடன் வட்டி ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். நான்கு வாரம் ஆள் வராவிட்டால் 8,000 யூரோ குறைந்துவிடும். வட்டியோ குறையாது.

பருவமும் தண்ணீரும்

கோதுமை அறுவடை ஜூன், ஜூலையில். விருந்தினர் கூட்டம் ஜூலை, ஆகஸ்டில். திராட்சை அறுவடை செப்டம்பர் வாக்கில் மும்முரமாகும். ஆலிவ் பறிப்பு அக்டோபர், நவம்பரில். எனவே விருந்தினர் பருவம் பெரும்பாலும் இரு அறுவடைகளுக்கு இடையில் பொருந்துகிறது. ஆனால் செப்டம்பரிலும் விருந்தினரை ஏற்றால் வேலை மோதும்.

தண்ணீரும் ஒரு பிரச்சினை. டஸ்கனியில் கோடை வறண்டது. விருந்தினர் நீச்சல் குளம் கேட்பதும், காய்கறிப் பயிர் நீர் கேட்பதும் அதே மாதங்களில்தான். கிணற்றின் ஊற்றை அளந்து பார்த்த பின்பே குளம் வெட்டுவது அறிவுடைமை.

மலைப்பகுதிச் சிறு பண்ணைகள்

சிறு விவசாயிகள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது வடகோடியில் உள்ள தென் டைரோல் மலைப்பகுதி. அங்கு சில பசுக்களும் கொஞ்சம் புல்வெளியும் உள்ள குடும்பங்கள்கூட ஓரிரு அறைகளை வாடகைக்கு விடுகின்றன. தனித்தனியே விளம்பரம் செய்ய அவர்களால் இயலாது. அதனால் அங்குள்ள உழவர் சங்கம் 'சிவப்புச் சேவல்' என்ற பொது முத்திரையை ஏற்படுத்தி, பண்ணைகளைத் தரம் பார்த்து, எல்லோருக்கும் சேர்த்து விளம்பரம் செய்கிறது. சிறியவர்கள் பெரிய சந்தையில் நிற்பதற்கு இதுவே வழி.

கவனிக்க வேண்டியவை

2020 மார்ச்சில் கொரோனா நோயால் இத்தாலி முழுவதும் ஊரடங்கு வந்தது. பயணிகள் வரத்து நின்றது. வாடகையை மட்டும் நம்பியவருக்கு அந்த மாதங்களில் வரவு இல்லை. நிலத்தைத் தரிசு போடாதவரிடம் விற்க எண்ணெயும் தானியமும் இருந்தன. சட்டம் விவசாயத்தை முதன்மையாக வைத்ததன் பொருள் அப்போது விளங்கியது.

எந்த உபதொழிலிலும் இறங்குமுன் மூன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? பாதி வரவு நின்றாலும் வட்டி கட்ட முடியுமா? அறுவடைக் காலத்தில் வீட்டில் ஆள் உண்டா? இந்த மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்த பின்பே கடன் மனு எழுத வேண்டும். அதுவரை உள்ள பயிரைக் கவனிப்பதே லாபம்.